கொம்பையாவின் பல்லுக்கு வைத்த மருந்து

“உங்க பிடிவாதத்தால ஒரு மனுசன் பல்லு போகப் போகுது, மேடம்.”

உமையொருபாகன் கதவைத் தட்டவுமில்லை, உட்காரவுமில்லை. வந்த வேகத்தில் சொல்லிவிட்டு மேசைக்கு முன்னால் நின்றார்.

பேராசிரியர் ஜெபமணி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“யார் பல்லு?”

“கொம்பையா பல்லு.”

கொம்பையா சங்கரன்கோவில் வண்டியில் கண்டக்டர். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, முட்டுக்கொடுக்க இடுப்பு. ஆக விசிலுக்குக் கை கிடையாது. காலையில் முன்பல்லில் கடித்தாரென்றால் கடைசி டிரிப் முடிந்துதான் கீழே இறக்குவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில் கம்பியில் போய் முட்டி, மேல்வரிசை முன்பல் உள்ளுக்குள்ளேயே செத்துப்போயிற்று. வெளியே பார்க்க ஆள் கம்பீரமாக நின்றது. பல வருசம் கழித்துச் சீழ் வைத்தது.

அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தவர் பாகன். செய்து சில மாதம்கூட ஆகவில்லை. பல்லுக்கு மேலே ஈறில் மிளகளவுக்குக் கொப்புளம். அமுக்கினால் சீழ்.

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று ஊரில் எவனோ ஒரு டாக்டர் சொல்லிவிட்டானாம். கொம்பையா அரண்டுபோய் நேரே பல் மருத்துவக் கல்லூரிக்கே வந்துவிட்டார். “விசிலு கடிக்கிற பல்லு டாக்டரய்யா. இது போச்சுன்னா நான் வாயால கத்தித்தான் வண்டிய நிப்பாட்டணும்” என்று சொல்லும்போது அந்த மனுசன் கண் கலங்கிவிட்டது. பெரிய மீசை வேறு. பார்க்கப் பாவமாக இருந்தது.

பாகனுக்கு வந்ததே கோபம்.

அவர் கோபம் முழுக்க அந்தப் பசை மேல்தான். செத்த பல்லின் வேருக்குள் ஊசி நுழைகிற அளவில் ஒரு குழாய் இருக்கிறது. அதிலுள்ள அழுகலைச் சுரண்டி எடுத்து, கழுவி, காயவைத்து, ரப்பர் குச்சியும் பசையுமாக அடைத்து மூடவேண்டும். இவ்வளவுதான் வேர் சிகிச்சை. இந்தத் துறையில் அடைப்பது கிராம்பு எண்ணெயில் குழைக்கிற பழைய பசை. தாத்தா காலத்துச் சரக்கு. சந்தையிலோ பளபளவென்று டப்பா போட்டுப் புதுப் பசை வந்துவிட்டது. கிருமியைக் கண்ட இடத்தில் கொல்லும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஜெபமணி மேடம் அதைத் தொட விடுவதில்லை.

“மண்ணைக் குழைச்சு அடைக்கோம் மேடம். கிருமி அதைப் பாத்துச் சிரிக்கும். புதுசு கொல்லுது.”

“கொல்லுதா?”

“கொல்லுது.”

“எப்ப வரைக்கும்?”

பாகனுக்குக் காது சூடாகிவிட்டது. நான் என்ன கேட்கிறேன், இந்த அம்மா என்ன கேட்கிறது? கிண்டலுக்கும் ஒரு நேரங்காலம் வேண்டாமா?

*

அவருக்குக் கோபம் வர உரிமை இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

சங்கரன்கோவிலில் இருபது வருசம் போர்டு போட்டுப் பல் பார்த்தவர். பாகன் டாக்டர் என்றால் தேரடி ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் இறக்குவார். தலை நரைத்தபிறகு மேல்படிப்பு ஆசை வந்தது. வீட்டில் சிரித்தார்கள், சம்பந்தி வீட்டில் அதைவிடச் சிரித்தார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு சேர்ந்தால், வாய்த்த பேராசிரியர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். போதாக்குறைக்கு அதிகம் பேசாதவர்.

அதையும் தாங்கிக்கொண்டார். தாங்கமுடியாமல் போனது ஒன்றே ஒன்று. கழுவச் சொன்னது.

பல்லைச் சுற்றி ரப்பர் சீட்டைக் கட்டு. ஊசியில் கழுவுநீரை எடு. கழுவு. பொறு. அரத்தால் குழாய்ச் சுவரைச் சுரண்டு. மறுபடி கழுவு. ஜெபமணி பக்கத்தில் வந்து நின்றால் வாயிலிருந்து வருகிற ஒரே சொல், “இன்னும்.” பிளீச்சிங் பவுடர் வாடை சட்டையில் ஏறி, வீட்டில் மனைவி குளியலறை கழுவிவிட்டா வாரீங்க என்று கேட்கும் அளவுக்கு ஆகிப்போயிற்று. கல்யாண வீட்டுக்கு மொய்யோடு போன மனுசனைப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்காரவைத்தமாதிரி இருந்தது அவருக்கு.

சங்கரன்கோவிலில் அவர் இப்படியா வேலை பார்த்தார்? திறப்பார், அழுகலை வழிப்பார், ஒரு அடி கழுவுவார், அடைத்து மூடுவார். வெளியே செருப்பு வரிசை நீண்டுகொண்டே போகும். மிச்சம் மீதி இருந்தால் மருந்து பார்த்துக்கொள்ளும். மருந்து எதற்கு இருக்கிறது?

கொம்பையாவுக்கும் அப்படித்தான் பார்த்தார். அன்றைக்கு ஜெபமணி வெளியூரில் தேர்வு நடத்தப் போயிருந்தார். கொம்பையாவோ நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கவலைப்படாதீங்க அண்ணாச்சி, மத்தியான டிரிப்பைப் பிடிச்சிரலாம்” என்று சொல்லிச் சட்டுபுட்டென்று முடித்து அனுப்பினார் பாகன். கொம்பையா டிரிப்பைப் பிடித்தும்விட்டார். பாகன் டாக்டர் கைராசிக்காரர் என்று வண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அதையெல்லாம் பாகன் இப்போது நினைக்கவில்லை. அவர் கண்ணில் பசைதான் நின்றது.

*

“கொல்லுதுன்னு காட்டுங்க” என்றார் ஜெபமணி. டீயைக் குடித்து முடித்திருந்தார்.

காட்டாமல் விடுவாரா? பாகன் பக்கத்துக் கட்டடத்துக் கிருமி ஆய்வகத்துக்கு அன்றே போனார். கொம்பையாவின் கொப்புளத்தில் எடுத்த சீழையே கொண்டுபோய், அதிலிருந்த கிருமியைக் கண்ணாடித் தட்டில், அது தின்று வளர்கிற கூழின்மேல் பரப்பினார். கூழில் இரண்டு குழி தோண்டினார். ஒன்றில் பழைய பசை. இன்னொன்றில் அப்போதுதான் கலந்த புதுப் பசை, பளபளவென்று.

மறுநாள் எடுத்துப் பார்த்தால், அடேயப்பா! தட்டு முழுக்கக் கிருமி ஆடை மாதிரிப் படர்ந்திருக்கிறது. புதுப் பசையைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டாற்போல வட்டம், ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிது. உள்ளே ஒரு கிருமி இல்லை. பழைய பசையைச் சுற்றியும் வட்டம் இருந்தது, பேருக்கு.

பாகன் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்த அழகைப் பார்க்கவேண்டுமே. கற்பூரம் ஒன்றுதான் ஏற்றவில்லை. வழியில் பார்த்த இளம் மாணவர்களுக்கெல்லாம் நின்று காட்டினார். உங்க மேடத்துக்கு இன்னைக்கு இருக்கு என்றார். மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இனி இந்த அம்மா என்ன சொல்லும் பார்ப்போம்.

ஜெபமணி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உண்மையாகவே ரசித்துப் பார்த்தார்.

“நல்லா செஞ்சிருக்கீங்க சார். ஓரம்கூடப் பிசிறு இல்லை.”

பாகன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

“இந்தப் பசை பல்லுக்குள்ள எத்தனை நாள் ஈரமா இருக்கும்?”

“ஈரமா எங்க இருக்கும்? ஒரு நாள்ல இறுகிரும். இறுகணும்லா.”

“அப்ப இறுகினதை வச்சுப் பாருங்க.”

இது அநியாயம் இல்லையா? தேர்வு எழுதி முடித்தவனிடம் இன்னொரு கேள்வித்தாளை நீட்டுவதா? தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள மனசில்லை, அதுதான் இழுத்தடிக்கிறது என்று முடிவுகட்டினார் பாகன். வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டை மட்டும் சத்தம் வருகிறமாதிரி எடுத்தார்.

ஆனாலும் செய்தார். பசையைக் கலந்து சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி, நன்றாக இறுகிக் காயவிட்டு, பிறகு கிருமிமேல் வைத்தார். பழைய பசையிலும் ஒரு வில்லை, கிடக்கட்டும் என்று.

மறுநாள் பார்த்தார். வட்டத்தைக் காணோம்.

புது வில்லையை ஒட்டிக்கொண்டு கிருமி வளர்ந்திருந்தது. நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை. போர்வையை இழுத்து மூடினாற்போல விளிம்பில் ஏறிக்கூட இருந்தது. பழைய வில்லையிடத்திலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

ஆய்வகத்துச் சூடு சரியில்லை என்றார். கூழ் பழசு என்றார். மறுபடி செய்தார். மறுபடியும் அதேதான். அந்தக் கிருமி கொம்பையாவைப்போலவே கெட்டியான ஆள்போல.

*

பசை விற்கிற கம்பெனிப் பையனுக்குப் போனைப் போட்டார் பாகன். காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். ஊரை ஏமாத்துறீங்களா, டப்பாவில் அவ்வளவு பெரிய வட்டத்தைப் படம் போட்டிருக்கிறீர்களே, நாலு பேர் வயிறெரிஞ்சா நல்லா இருப்பீங்களா என்று கேட்டார்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான், படத்தில் இருப்பது புதிதாகக் கலந்த பசை சார், நாங்கள் அதில் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று. இறுகினபிறகும் கொல்லும் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் காட்டுங்கள் என்றும் கேட்டான். பாகன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தார். எழுதியிருக்கவில்லை.

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் கொம்பையா இரண்டு தரம் வந்துவிட்டுப் போனார். கொப்புளம் பெருத்து, மேலுதடு தூக்கிக்கொண்டது. விசிலை ஓரப் பல்லில் கடித்துப் பார்த்திருக்கிறார். சத்தம் ஒருபக்கமாகப் போய், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நின்று, இறங்கவேண்டிய ஒரு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். டிரைவர் வேறு எரிந்து விழுகிறாராம். “பிடுங்கத்தான் வேணுமா டாக்டரய்யா? உள்ளதைச் சொல்லிருங்க, நான் மனசத் தேத்திக்கிடுதேன்” என்று அவர் கேட்டபோது பாகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறுங்க அண்ணாச்சி என்று முணுமுணுத்துவிட்டு, நேரே ஜெபமணி அறைக்குப் போனார்.

இந்தத் தடவையும் கதவைத் தட்டவில்லை.

“பழசும் மண்ணு, புதுசும் மண்ணு. சரி, ஒத்துக்கிடுதேன். அப்ப நீங்க என்னத்தை வைக்கீங்க?”

“எதுக்கு?”

“உங்க கேசு ஒண்ணும் திரும்பி வாரதில்லையே. நான் விசாரிச்சிட்டேன். அப்ப ஏதோ ஒண்ணு வைக்கீங்க. அதை எங்களுக்குச் சொல்லிக்குடுக்கலை.”

ஜெபமணி பேனாவை மூடி வைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“கொம்பையாவை வரச்சொல்லுங்க. நீங்களே திறங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

*

ரப்பர் சீட்டுக்கு நடுவில் கொம்பையாவின் பல் ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தது. அதற்குமேல் மீசையும், மீசைக்குமேல் பயந்த இரண்டு கண்ணும்.

பாகன் பழைய அடைப்பைக் குடைந்து எடுத்தார். ரப்பர் குச்சி வெளியே வந்ததும் கூடவே ஒரு நாற்றம் வந்தது. முகக்கவசத்தைத் தாண்டி வந்தது. ஈரம் உறிஞ்சுகிற மெல்லிய கூம்புக் காகிதத்தை வேருக்குள் விட்டு எடுத்தார். நனைந்து, மஞ்சளாக, நுனியில் கறுப்பாக வந்தது.

ஜெபமணி ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கழுவுங்க.”

கழுவினார். கலங்கலாக வந்தது.

“இன்னும்.”

கழுவினார். தூள் தூளாக என்னவோ வந்தது. பிறகு தெளிந்தது. அப்பாடா என்று ஊசியைக் கீழே வைக்கப்போனார்.

“சுவரைச் சுரண்டிட்டுக் கழுவுங்க.”

சுரண்டினார். கழுவினார். மறுபடியும் கலங்கல். இது எங்கே ஒளிந்திருந்தது என்று பாகனுக்கு எரிச்சலாக வந்தது. என்னமோ அவரே வேண்டுமென்றே உள்ளே போட்டு வைத்தமாதிரி இந்தப் பல் அவரை அவமானப்படுத்தியது.

கொம்பையா ரப்பர் சீட்டுக்கு அடியிலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். டிரிப்பு.

“இன்னும்” என்றார் ஜெபமணி.

மத்தியான டிரிப் போயிற்று. கொம்பையா சைகையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாகனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கழுவுநீர் சட்டைக்கைமேல் சொட்டி நீலச் சட்டை வெளுத்துவிட்டது. நல்ல சட்டை, தீபாவளிக்கு எடுத்தது. இந்த அம்மாவை ஒருநாள் சங்கரன்கோவில் கூட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கவேண்டும், அப்போது தெரியும் கழுவுகிற அழகு என்று மனசுக்குள் வைதார். வைதுகொண்டே கழுவினார்.

ஒரு கட்டத்தில் சுரண்டினாலும் கலங்கவில்லை. திரும்பச் சுரண்டினார், கலங்கவில்லை. காயவைத்தார்.

“எந்திரிங்க சார்” என்றார் ஜெபமணி.

அவர் இடத்தில் தான் உட்கார்ந்தார். முதுகு பாகன் பக்கம். குனிந்து என்னவோ செய்தார். எட்டிப் பார்த்தால் அவர் தோள்தான் தெரிந்தது. திரும்பியபோது பல் வெள்ளையாகத் தற்காலிகப் பூச்சால் மூடியிருந்தது.

“என்ன வச்சீங்க மேடம்?”

“ஆறட்டும். வரட்டும். பாப்போம்.”

கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

*

அடுத்து வந்த நாட்களில் பாகன் படுத்தியபாடு கொஞ்சநஞ்சமில்லை. மருந்து அலமாரியில் உள்ள டப்பாவையெல்லாம் முகர்ந்து பார்த்தார். புத்தகம் புரட்டினார். ஜெபமணி அறையில் பூட்டியே கிடக்கும் சின்ன அலமாரி மேல் அவருக்கு ரொம்பநாளாகச் சந்தேகம். ஒருநாள் அது திறந்திருந்தபோது தற்செயலாகப் போகிறவர்போலப் போய் எட்டிப் பார்த்தார். சாத்தூர்க் காரசேவு பாக்கெட் நாலைந்து இருந்தது. வேறொன்றும் இல்லை. திறந்து வைத்தால் மாணவர்கள் ஒரே நாளில் காலிபண்ணிவிடுவார்களாம்.

அப்படியென்றால் இந்த அம்மா மருந்தை வீட்டில் வைத்திருக்கிறது. கைப்பையில் கொண்டுவருகிறது. பாகன் விடவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் வராந்தாவில் விசில் சத்தம் கேட்டது. நீளமாக, காதைக் கிழிக்கிறமாதிரி, நடுவாயிலிருந்து. நர்சு கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டார். காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்க எழுந்தேவிட்டார்.

கொம்பையா நின்றார். உதடு வற்றியிருந்தது. கொப்புளம் போன இடம் தெரியவில்லை. பாகன் ஈறை அமுக்கிப் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார். வலிக்குதா அண்ணாச்சி? வலிக்கலையே. கொம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சும்மா பிடிக்கவில்லை, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பாகன் சந்தோசப்படவேண்டும். சந்தோசமும் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று கொதித்தது. ஜெபமணி உள்ளே வந்ததும் அது பொங்கிவிட்டது. கொம்பையா இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை, மாணவர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

“இருபது வருசம் மேடம். எத்தனை சனம் என்னை நம்பி வாயைத் திறந்திருக்கும்! திரும்பி வந்தவங்களுக்கெல்லாம் நான் பிடுங்கிப் போட்டேன். உங்க உடம்பு வாகு அப்படின்னு சொல்லி அனுப்புனேன். ஒரு டீச்சர் இருந்தாங்க, சிரிக்கும்போது கையை வச்சு வாயை மறைச்சுக்கிட்டே செத்துப்போனாங்க. இந்த மருந்து என் கையில இருந்திருந்தா அவங்க பல்லு நின்னிருக்கும். இதைப் போயி மறைச்சு வைக்கீங்களே, இது பாவம் இல்லையா?”

குரல் உடைந்துவிட்டது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

ஜெபமணியின் முகம் முதல்தடவையாக மாறியது. அவர் ஸ்டூலை இழுத்துப் பாகனுக்குப் போட்டார்.

“திறந்து பாருங்க சார்.”

கொம்பையா படுத்தார். ரப்பர் சீட்டைக் கட்டினார்கள். பாகன் தற்காலிகப் பூச்சை எடுத்தார். நிறத்தைப் பார்க்கவேண்டும், வாடையைப் பிடிக்கவேண்டும், தெரிந்துவிடும். இருபது வருசத்து மூக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பூச்சுக்கு அடியில் ஒரு பொட்டுப் பஞ்சு இருந்தது. எடுத்தார். காய்ந்த பஞ்சு. வாடை இல்லை.

பஞ்சுக்கு அடியில் வேர்க்குழாய் திறந்து கிடந்தது. நிறமும் இல்லை, பசையும் இல்லை. கூம்புக் காகிதத்தை உள்ளே விட்டார், நுனிவரைக்கும். ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும்.

வெள்ளையாகப் போன காகிதம் வெள்ளையாக வந்தது.

இன்னொன்று விட்டார். அதுவும் வெள்ளை. நாக்கில் வைத்துப் பார்க்காத குறை.

“மேடம், உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“இல்லை.”

“நீங்க வச்ச மருந்து?”

“நான் இன்னும் எதுவும் வைக்கலை சார். பஞ்சை வச்சு மூடினேன். அவ்வளவுதான்.”

பாகன் காகிதத்தைப் பிடித்தபடியே இருந்தார். வெளுத்துப்போன சட்டைக்கை கண்ணில் பட்டது. டீச்சர் முகம் வந்தது. செருப்பு வரிசை வந்தது. மத்தியான டிரிப்பு வந்தது. இத்தனை நாள் கூடவே இருந்த கோபத்தை யார்மேல் கொண்டுபோய் இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜெபமணி இரண்டு டப்பாவைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். ஒன்று கிராம்பு வாடை அடிக்கிற பழைய பசை. இன்னொன்று பளபளப்பான புதுசு.

“இன்னைக்கு அடைச்சிரலாம். எது வேணுமோ எடுத்துக்குங்க.”

பாகன் இரண்டையும் பார்க்கவில்லை. கைநீட்டிக் கழுவுகிற ஊசியை எடுத்தார்.

கொம்பையா ரப்பர் சீட்டுக்கு அடியிலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

“அண்ணாச்சி,” என்றார் பாகன், “இன்னைக்கு டிரிப்பை விட்டுருங்க.”